டேப்பட் கவருக்கு வீட்டிலேயே பெயிண்ட்: சாலையில் சாமான் வாங்குமுன் சில யோசனைகள்

சாலைக் கம்போளத்தில் கிடைக்காத சாமான் இல்லை என்பது திருவனந்தபுரத்துக்குப் பிழைப்புத் தேடி வந்த தமிழர் அனைவரும் அறிந்த விஷயம். கிழக்கே கோட்டையில் தொடங்கிக் கிள்ளிப்பாலம் வரை நீளும் இந்தக் கடைத்தெரு, 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் திருவிதாங்கூர் திவானாக இருந்த ராஜா கேசவதாசின் காலத்தில் உருவானது. அவர் பிறந்த விளவங்கோடு பகுதி இன்று தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கிறது. அரிசி, பருப்பு, மல்லி, மிளகாய் என்றால் சாலை என்று எல்லோரும் சொல்வார்கள். ஆனால் ஆணி, கம்பி, பெயிண்ட், உப்புத்தாள் விற்கும் இரும்புக் கடைகளுக்கும் இங்கே குறைவில்லை.

இந்த இரும்புக் கடைகளில் ஞாயிறு நெருங்கும்போது ஒரு கேள்வி அடிக்கடி காதில் விழும். "அண்ணாச்சி, எஞ்சினுக்கு அடிக்கிற பெயிண்ட் இருக்கா?" கேட்பவர் பெரும்பாலும் ஒரு பழைய அம்பாசடரையோ, பிரீமியர் பத்மினியையோ வைத்திருக்கும் டாக்சிக்காரர். அல்லது ஊரில் தகப்பனார் ஓட்டிய வண்டியை விற்க மனமில்லாமல் இங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கும் மாதச் சம்பளக்காரர். ஒர்க்‌ஷாப்பில் விட்டால் ஆகும் செலவை நினைத்து, லீவு நாளில் தாமே செய்துவிடலாம் என்று முனைகிறார்கள். அந்த முனைப்பைக் குறை சொல்வதற்கில்லை. முறை தெரிந்து செய்தால் வண்டியின் எண்ணெய் ஒழுக்கு நிற்கும், கைக்காசும் மிச்சமாகும். முறை தெரியாமல் செய்தாலோ எஞ்சின் கெடலாம். இடுங்கிய லைன் வீட்டில் தீயும் பிடிக்கலாம். ஆகவே இதை விளக்கமாக எழுதுவது பயன்தரும் என்று கருதுகிறோம்.

எந்தப் பாகம், ஏன் அது?

எஞ்சினில் முதலில் கண்ணில் படுவது அதன் தலையில் கவிழ்த்து வைத்த மூடி. மெக்கானிக்குகள் இதை டேப்பட் கவர் என்பார்கள். வால்வு கவர், ராக்கர் கவர் என்பதும் இதையேதான். எண்ணெய் ஊற்றும் மூடியும் இதன் மேலேயே இருக்கும்.

அம்பாசடர் கார் 1950களின் இறுதி முதல் 2014ஆம் ஆண்டு மே மாதம் வரை மேற்கு வங்கத்தின் உத்தரபாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தொழிற்சாலையில் தயாராயிற்று. பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரை ஒட்டி அமைந்த வண்டி இது. அதில் நெடுங்காலம் இருந்த 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சினும் பிரிட்டிஷ் வடிவமைப்பே. அந்த எஞ்சினின் டேப்பட் கவர் இரும்புத் தகட்டை அழுத்தி வார்த்த எளிய பெட்டி போன்றது. மேலே இரண்டே நட்டுகள், அடியில் ஒரு கார்க் பேக்கிங், பக்கத்தில் ஏர் கிளீனருக்குப் போகும் ஒரு மூச்சுக் குழாய். இவ்வளவுதான். வீட்டில் கழற்றிப் பெயிண்ட் அடிக்க இதைவிட எளிய பாகம் எஞ்சினில் இல்லை. 1990களில் வந்த இசுசூ எஞ்சின் அம்பாசடர்களின் அமைப்பு வேறு. அவற்றை அந்த எஞ்சினை அறிந்த மேஸ்திரியிடம் காட்டிவிட்டுத் தொடங்குவதே நல்லது.

அழகுக்காக மட்டும் செய்யும் வேலை அல்ல இது. மேற்சொன்ன 1489 சி.சி. எஞ்சினில் கார்புரேட்டர் இருக்கும் அதே பக்கத்தில்தான் புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் இருக்கிறது. இரண்டுமே டேப்பட் கவருக்குக் கீழே. கவரின் பேக்கிங் காய்ந்து வெடித்தால் எண்ணெய் கசிந்து, காய்ச்சிய கல் போலக் கொதிக்கும் அந்த மேனிஃபோல்டின் மேல் சொட்டும். வண்டி சிக்னலில் நிற்கும்போது பானெட்டின் இடுக்கு வழியே வரும் எரிந்த எண்ணெய் வாடைக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். பல நாள் இதைக் கவனியாமல் விட்டால் தீப்பிடிக்கும் வாய்ப்பு உண்டு. எனவே பெயிண்ட் அடிப்பதன் முதல் பயன், கவரைக் கழற்றிப் பார்க்க ஒரு வாய்ப்புக் கிடைப்பதே. அழுக்கின்மேல் அப்படியே வர்ணம் பூசினால் ஒழுக்கு மறையுமே தவிர நிற்காது.

கழற்றும்போது கவனம்

எஞ்சின் முழுவதும் ஆறியிருக்க வேண்டும். முதலில் மூச்சுக் குழாயையும், குறுக்கே கிடக்கும் பிளக் ஒயர்களையும் விலக்குங்கள். கழற்றுவதற்கு முன்பே கவரைச் சுற்றியுள்ள மண்ணையும் எண்ணெய்ப் பிசுக்கையும் பிரஷ்ஷினால் துடைத்தெடுங்கள். இல்லையேல் கவரைத் தூக்கும்போது அந்த மண் நேராக எஞ்சினுக்குள் விழும்.

நட்டுகளைக் கழற்றிய பின்னும் கவர் ஒட்டிக்கொண்டு வராமல் இருக்கலாம். அப்போது ஸ்க்ரூ டிரைவரை இடுக்கில் செருகி நெம்பக் கூடாது. தகட்டு விளிம்பு நெளிந்துவிட்டால் பிறகு எத்தனை புதிய பேக்கிங் வைத்தாலும் எண்ணெய் ஒழுகும். உள்ளங்கையால் பக்கவாட்டில் தட்டினாலே விட்டுக்கொடுக்கும். பிடிவாதம் பிடித்தால் மரச் சுத்தியலால் மெல்லத் தட்டலாம்.

கவர் வந்தவுடன் திறந்திருக்கும் பகுதியைச் சுத்தமான பாலிதீன் உறையால் மூடிக் கட்டிவிடுங்கள். நூல் பிரியும் பழந்துணி கூடாது. உள்ளே ராக்கர்களுக்கு அடியில் புஷ் ராடு இறங்கும் துவாரங்கள் உள்ளன. பழைய கார்க் துண்டு ஒன்று அதில் விழுந்தால் நேரே அடித்தொட்டிக்குப் போய், எண்ணெய் உறிஞ்சும் சல்லடையை அடைத்துக்கொள்ளக் கூடும்.

இனி கவரைப் புரட்டி உட்புறத்தைப் பாருங்கள். தயிர் போல வெளுத்த பிசின் ஒட்டியிருந்தால் எண்ணெயில் நீர் கலக்கிறது என்று பொருள். வீட்டிலிருந்து ஆபீசுக்கு மட்டும் ஓடி, எஞ்சின் நன்றாகச் சூடாகுமுன்பே நிற்கும் வண்டிகளில் காற்றின் ஈரமே இப்படிப் படியும். அது பெரிய கேடில்லை. ஆனால் ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்துகொண்டே வந்தால் ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம். அப்போது பெயிண்ட் டப்பாவை ஓரமாக வைத்துவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். கரி போல் கறுத்த கசடு தடித்திருந்தால் எண்ணெய் மாற்றத் தவறிவிட்டீர்கள் என்று கவர் சொல்கிறது.

காந்தம் ஒன்று தேவை

வேலையைத் தொடங்குமுன் கவரின்மேல் ஒரு சிறு காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் இரும்புத் தகடு. ஒட்டாவிட்டால் அலுமினிய வார்ப்பாக இருக்கலாம். அண்மைக்கால வண்டிகள் பலவற்றில் பிளாஸ்டிக்காகவும் இருக்கலாம். இந்தச் சோதனை அவசியம். ஏனெனில் பழைய பெயிண்டை எடுக்க நம்மவர்கள் காஸ்டிக் சோடாக் கரைசலில் ஊறப்போடும் வழக்கம் உண்டு. இரும்புக்கு அது தீங்கு செய்யாது. அலுமினியத்தையோ அது தின்றுவிடும். நுரைத்துப் பொங்கி, எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயுவையும் வெளிவிடும். காலையில் ஊறப்போட்ட கவரை மாலையில் எடுத்துப் பார்த்தால் அரித்துப் பொத்தலாகியிருக்கும்.

இரும்புக் கவருக்குக் காஸ்டிக் சோடா பயன்படுத்துவோரும் ஒரு விதியை மறக்கலாகாது. வாளியில் முதலில் குளிர்ந்த நீரை ஊற்றி, அதில் சோடாவைச் சிறிது சிறிதாகப் போட வேண்டும். சோடாவின்மேல் தண்ணீரை ஊற்றினால் ஒரே கணத்தில் கொதித்துத் தெறிக்கும். கண்ணில் ஒரு துளி பட்டால் பார்வையே போய்விடலாம். ரப்பர் கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் இதைத் தொட வேண்டாம். வாளி அலுமினியமாக இருக்கக் கூடாது. வீட்டில் சிறு குழந்தைகள் இருந்தால் இந்த முறையே வேண்டாம் என்பது நமது யோசனை.

பிசுக்கு நீங்காமல் பெயிண்ட் நிற்காது

பெயிண்ட் உரிந்து வருவதற்கு முக்கியமான காரணம் மட்டமான பெயிண்ட் அல்ல. அடியில் தங்கிய எண்ணெய்தான். முதலில் மண்ணெண்ணெயும் பழைய பிரஷ்ஷும் கொண்டு உள்ளும் புறமும் கழுவ வேண்டும். பெட்ரோல் கூடாது. மண்ணெண்ணெய் 35 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடானால்தான் பற்றக்கூடிய அளவுக்கு ஆவி விடும். பெட்ரோலோ சைபருக்குக் கீழே 40 டிகிரியிலும் ஆவி விடக்கூடியது. நம் ஊர் வெப்பத்தில் திறந்த கிண்ணத்துப் பெட்ரோல் ஒரு வெடிகுண்டுக்குச் சமம்.

மண்ணெண்ணெய்க் கழுவலோடு வேலை முடிந்தது என்று நினைப்பவர் பலர். மண்ணெண்ணெயே ஒரு மெல்லிய எண்ணெய்ப் படலத்தை விட்டுச் செல்லும். அதன்பின் சோப்புத் தூள் கலந்த வெந்நீரில் இரண்டு முறை தேய்த்துக் கழுவி, நல்ல நீரில் அலசி, உடனே வெயிலில் உலர்த்த வேண்டும். பாத்திரம் தேய்த்த பின் தண்ணீர் முத்து முத்தாக நிற்காமல் ஒரே படலமாக வழிந்தால் பிசுக்குப் போய்விட்டது என்று நம் வீட்டுப் பெண்கள் அறிவார்கள். அதே சோதனை இதற்கும் பொருந்தும்.

பழைய பெயிண்டும் துருவும்

அடுத்தது பழைய பூச்சைச் சுரண்டுதல். கம்பி பிரஷ், பிறகு 80 அல்லது 120 எண் உப்புத்தாள், பிறகு 220, கடைசியில் 400 எண் வாட்டர் பேப்பர். எண் கூடக்கூட நயம் கூடும். நேரடியாக 400இல் தொடங்கினால் கை ஓயும், வேலை நடக்காது. 80உடன் நிறுத்தினால் பெயிண்டுக்கு மேலும் கீறல் தெரியும்.

இங்கே உடல்நலம் பற்றி ஒரு வார்த்தை. வீட்டு உபயோகப் பெயிண்டுகளிலும் அலங்காரப் பெயிண்டுகளிலும் ஈயம் 10 லட்சம் பங்குக்கு 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற மத்திய அரசின் விதி 2017ஆம் ஆண்டு நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த பூச்சுகளுக்கு இந்தக் காப்பு இல்லை. தொழில் உபயோகப் பெயிண்டுகள் அந்த விதிக்குள் வருவதும் இல்லை. உங்கள் வண்டியின் எஞ்சினில் 30 வருஷத்துக்கு முன் எந்தப் பெயிண்ட் அடித்தார்கள் என்று யாரும் எழுதி வைத்திருக்க மாட்டார்கள். ஈயத் தூள் குழந்தைகளின் மூளை வளர்ச்சியையே பாதிக்கும். ஆகவே உலர்ந்த நிலையில் தேய்க்காமல் தண்ணீர் தொட்டே தேய்க்கவும். வேலை செய்த சட்டையோடு குழந்தையைத் தூக்க வேண்டாம். அந்தச் சட்டையை மற்றத் துணிகளோடு சேர்த்து ஊறவைக்கவும் வேண்டாம்.

பெயிண்ட் கரைக்கும் பசைகள் கடைகளில் உண்டு. அவற்றில் மெத்திலீன் குளோரைடு கலந்தவை மூடிய அறையில் ஆளையே மயக்கிக் கொல்லும் தன்மை உடையவை. அமெரிக்காவில் பொதுமக்களுக்கு அத்தகைய பெயிண்ட் நீக்கிகளை விற்பதை 2019ஆம் ஆண்டிலேயே தடை செய்துவிட்டார்கள். டப்பாவில் அந்தப் பெயர் இருந்தால் வாங்காமல் விடுவதே மேல்.

மணல் பீய்ச்சித் துரு எடுக்கும் முறையைச் சிலர் சிபாரிசு செய்வார்கள். டேப்பட் கவருக்கு அது வேண்டாம். பல கவர்களின் உள்ளே எண்ணெய் தெறிக்காமல் தடுக்கும் ஒரு தட்டு இருக்கும். அந்தத் தட்டுக்கும் கவருக்கும் இடையில் புகுந்த மணல் எத்தனை கழுவினாலும் வராது. எஞ்சின் ஓடும்போது எண்ணெயோடு கலந்து பேரிங்கை அரைக்கும். மூடி பளபளப்பாக இருக்கும், எஞ்சின் படுத்துவிடும். மணல் தூசியைச் சுவாசிப்பவரின் நுரையீரல் கல்லாகிப்போகும் என்பதால் பிரிட்டனில் வார்ப்புகளுக்கு மணல் பீய்ச்சுவதை 1949ஆம் ஆண்டு விதியாலேயே தடுத்தார்கள்.

கடற்காற்று வீசும் நம் ஊரில் துரு சீக்கிரம் திரும்பி வரும். தேய்த்த இரும்பைத் தண்ணீரோடு ஒரு மணி நேரம் விட்டாலே செம்மை படரும். பித்தளைக்குப் புளி போடுவதுபோல இரும்புத் துருவுக்குப் பாஸ்பாரிக் அமிலம் கலந்த திரவம் விற்கிறது. அதைத் தடவி, டப்பாவில் சொன்ன நேரம் கழித்துக் கழுவித் துடைத்து, அன்றே பிரைமர் அடித்துவிட வேண்டும். "நாளைக்குப் பார்க்கலாம்" என்றால் நாளை மறுபடியும் உப்புத்தாள்தான்.

பெயிண்ட் அடிக்குமுன் கவரை ஒரு தடித்த கண்ணாடிப் பலகையின்மேல் வைத்து விளிம்பு ஒட்டி உட்காருகிறதா என்று பாருங்கள். ஆடினால் விளிம்பை மரக்கட்டையின்மேல் வைத்து மெல்லத் தட்டிச் சமன் செய்யவும். பெயிண்ட் அடித்தபின் தட்டினால் பூச்சு வெடிக்கும்.

என்ன கேட்டு வாங்குவது?

கதவுக்கும் ஜன்னலுக்கும் அடிக்கும் சாதாரண எனாமல் இதற்கு உதவாது. ஓடும் எஞ்சினில் இந்தக் கவர் ஏறத்தாழ நீர் கொதிக்கும் வெப்பத்தை எட்டும். சாதா எனாமல் சில வாரங்களில் பழுத்து, மஞ்சளாகி, உரியும். எஞ்சின் எனாமல் என்றே விற்கும் பெயிண்ட் 150 டிகிரிக்கு மேல் தாங்கும். சில 250 டிகிரி வரையும் தாங்கும். டப்பாவில் வெப்ப அளவு அச்சிட்டிருக்கும். "ஹீட் பெயிண்ட்" என்று வாய்ச்சொல்லாகச் சொல்வதை நம்பாமல் அந்த எண்ணைப் படித்துப் பாருங்கள். இதே பெயிண்ட் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கு ஆகாது. அங்கே வெப்பம் பல நூறு டிகிரி. அதற்குச் சிலிக்கோன் வகை உயர்வெப்பப் பெயிண்ட் தனியே உண்டு. பழைய எக்ஸாஸ்ட் பேக்கிங்குகளில் கல்நார் இருக்கலாம் என்பதால் அவற்றைக் காய்ந்த நிலையில் சுரண்டவும் வேண்டாம்.

பிரைமரும் உலோகத்துக்குத் தக்கபடி வேண்டும். இரும்புக்கு ஜிங்க் பாஸ்பேட் வகை, அலுமினியத்துக்கு எட்ச் பிரைமர். ரயில் பெட்டி முதல் பாலம் வரை முன்பு தாராளமாக அடித்த ஜிங்க் குரோமேட் பிரைமர் நல்ல துருத் தடுப்புத்தான். ஆனால் அதிலுள்ள குரோமியம் புற்றுநோய் தரும் வகையைச் சேர்ந்தது. வீட்டு வேலைக்கு அதை வாங்காதீர்கள். ஹார்டனர் தனியே கலந்து அடிக்கும் இரட்டை டப்பாப் பெயிண்டும் அப்படியே. அதில் உள்ள ஐசோசயனேட் ஆஸ்துமாவை உண்டாக்கும். மூக்கில் கட்டும் கைக்குட்டை அதைத் தடுக்காது. அது தக்க முகமூடியோடு பெயிண்ட் பட்டறையில் செய்யும் வேலை.

ஈரக்காற்றும் நல்ல நேரமும்

இடவப்பாதியிலும் துலாவர்ஷத்திலும் இங்கே காற்றே நனைந்திருக்கும். அந்த நாட்களில் பெயிண்ட் அடித்தால் பளபளப்பு வராமல் வெண்புகை படிந்ததுபோல் மங்கும். காரணம் எளிது. தின்னர் ஆவியாகும்போது தகடு குளிர்கிறது. குளிர்ந்த செம்பில் வியர்ப்பதுபோல் காற்றின் ஈரம் பூச்சின்மேல் படிகிறது. எனவே மழையில்லாத நாளில், காலை 10 மணிக்கு மேல் மாலை 3 மணிக்குள், நிழலில் அடிப்பது உத்தமம். சுள்ளென்ற வெயிலில் அடித்தால் மேல்தோல் முதலில் காய்ந்து, அடியில் சிக்கிய தின்னர் கொப்புளமாக எழும்பும்.

அடிக்குமுன் தின்னர் தொட்ட சுத்தமான துணியால் ஒருமுறை துடையுங்கள். திருப்பூர் பனியன் வேஸ்ட் இதற்கு நல்லது, ஆனால் புதிதாக இருக்க வேண்டும். அதன்பின் வெறும் விரல் படக் கூடாது. பேக்கிங் உட்காரும் விளிம்பு, எண்ணெய் ஊற்றும் வாய், மூச்சுக் குழாயின் வாய், கவரின் உட்புறம் முழுதும் ஆகியவற்றைப் பேப்பரும் டேப்பும் ஒட்டி மறையுங்கள். உட்புறம் பெயிண்ட் பட்டால் ஒருநாள் அது எண்ணெயில் ஊறிச் செதிலாக உதிர்ந்து எண்ணெய்ச் சல்லடையில் போய் நிற்கும்.

ஸ்ப்ரே டப்பாவை இரண்டு நிமிஷம் நன்றாகக் குலுக்கி, கவருக்கு ஏறக்குறைய ஒரு சாண் தள்ளிப் பிடித்து, கையை நிறுத்தாமல் ஒரே சீராக ஓட்ட வேண்டும். முதல் பூச்சில் தகடு முழுதும் மறையாவிட்டால் கவலைப்பட வேண்டாம். மெல்லிய மூன்று பூச்சு, தடித்த ஒரு பூச்சைவிட நெடுநாள் நிற்கும். பூச்சுக்கும் பூச்சுக்கும் இடையே டப்பாவில் சொன்ன இடைவெளி விடவும். பிரஷ்ஷால் அடிப்பவர்க்கும் இதே விதிதான்.

அடுக்களைக்கு அருகே வேண்டாம்

சாலையைச் சுற்றியுள்ள சந்துகளிலும், கரமனைப் பக்கத்து லைன் வீடுகளிலும் முன்வாசல், அடுக்களை, கட்டில் எல்லாம் பத்தடிக்குள் அடங்கிவிடும். தின்னரில் இருக்கும் டொலுயீன் போன்ற திரவங்களின் ஆவி காற்றைவிட மூன்று மடங்கு கனமானது. அது மேலே போகாமல் தரையோடு தவழ்ந்து, படியிறங்கி, அடுத்த அறையில் எரியும் காஸ் அடுப்பைத் தேடிச் சென்று பற்றும். "அடுப்பு உள்ளேதானே இருக்கிறது" என்பது காவல் ஆகாது. மொட்டை மாடியோ, திறந்த முற்றமோ இருந்தால் அங்கே செய்யுங்கள். வீட்டில் சமையல் நடக்கும் நேரம் அதற்கு ஆகாது. அண்டை வீட்டாரிடமும் முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள்.

சில டப்பாக்களில் பூசிய பாகத்தை அவனில் வைத்துச் சூடேற்றினால் பெயிண்ட் இறுகும் என்று எழுதியிருக்கும். அது தொழிற்சாலை அவனுக்குப் பொருந்தும். சோறு பொங்கும் அடுப்பிலோ, கேக் சுடும் அவனிலோ பெயிண்டைச் சுட வேண்டாம். அந்த ஆவி உணவில் ஏறும். அதற்குப் பதில் கவரை ஒரு வாரம் தூசிபடாத இடத்தில் தொங்கவிடுங்கள். காய்வது வேறு, இறுகுவது வேறு. விரலில் ஒட்டாவிட்டால் காய்ந்துவிட்டது; நகத்தால் கீறினால் தடம் விழாதபோதுதான் இறுகியது.

வேலையில் பயன்பட்ட எண்ணெய்த் துணிகளைச் சுருட்டி மூலையில் எறிவது பெருந்தவறு. ஆளி எண்ணெய், எனாமல் தோய்ந்த துணிக் குவியல் தானே சூடேறித் தீப்பிடிப்பது உண்டு. தண்ணீர் ஊற்றிய தகர டப்பாவில் போட்டு மூடிவிடவும்.

மீண்டும் மாட்டுதல்

பழைய பேக்கிங்கைத் திரும்பப் போட்டு மிச்சம் பிடிக்க நினைக்க வேண்டாம். இத்தனை பாடுபட்டதும் இந்தக் கார்க் துண்டுக்காகத்தான். புதிய பேக்கிங்கும், நட்டுக்கு அடியில் வரும் ரப்பர் புஷ்களும் வாங்குங்கள். பேக்கிங்கைக் கவரின் பக்கம் மட்டும் ஷெல்லாக் தடவி ஒட்டவும். எஞ்சின் பக்கம் வெறுமையாக இருக்கட்டும். அப்போதுதான் அடுத்த முறை கழற்றும்போது கிழியாது. சிலிக்கோன் பசையை அள்ளிப் பூசுவோர், பிதுங்கி உள்ளே தொங்கும் பசை அறுந்து எண்ணெயில் விழும் என்பதை மறக்கிறார்கள்.

ஒரு வழியாக மூடும் நேரம் வரும்போது கை துறுதுறுக்கும். இந்த எஞ்சின் குடும்பத்துக்கான பிரிட்டிஷ் பணிமனைக் கையேடுகள் இந்த நட்டுக்குச் சொல்லும் முறுக்கு வெறும் 4 பவுண்டு-அடி. சிறிய ஸ்பானரை இரண்டு விரலால் பிடித்து முறுக்கும் பலம்தான் அது. இரண்டு நட்டையும் மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக இறுக்குங்கள். பலத்தைக் காட்டினால் கார்க் பிளக்கும், கவர் நெளியும், ஒழுக்கு முன்னைவிட அதிகமாகும்.

எஞ்சினை ஓட்டிப் பத்து நிமிஷம் கழித்து விளிம்பைச் சுற்றி வெள்ளைத் தாளால் ஒற்றிப் பாருங்கள். முதல் இரண்டு மூன்று ஓட்டங்களில் புதுப் பெயிண்ட் வாடை வருவது இயல்பு. வாடையோடு புகையும் வந்தால் நிறுத்திப் பாருங்கள்.

எஞ்சின் பிளாக்கையும் சேர்த்துப் பெயிண்ட் அடிப்போர் எஞ்சின் நம்பர் பொறித்த இடத்தைத் தேய்க்கவோ, தடிமனாகப் பூசவோ கூடாது. சொந்த உபயோகக் கார்களின் ஆர்.சி. புத்தகம் 15 ஆண்டுகளுக்குச் செல்லும். பிறகு 5 ஆண்டுக்கொரு முறை புதுப்பிக்க வேண்டும். அந்தப் பரிசோதனையில் நம்பர் தெளிவாகப் படிக்கக் கிடைக்காவிட்டால் நடையாய் நடக்க வேண்டியது நீங்கள்தான்.

ரயிலில் கொண்டுபோகலாமா?

ரயில்வேயில் குமாஸ்தாவாக இருப்பதால் இதைச் சொல்லாமல் விட முடியவில்லை. 1979இல் நாகர்கோவில் வழியாகக் கன்னியாகுமரி வரை ரயில் ஓடத் தொடங்கியது முதல், சாலையில் சாமான் வாங்கித் தம்பானூரில் வண்டியேறி ஊர் போய்ச் சேருவது நம்மவர்க்கு எளிதாயிற்று. ஊரில் நிற்கும் காருக்கு அடிக்கத் தின்னர் டப்பாவையும், ஸ்ப்ரே பெயிண்டையும், ஒரு பாட்டில் மண்ணெண்ணெயையும் பையில் போட்டுக்கொண்டு ஏறுவோர் உண்டு. இது குற்றம். 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 67ஆம் பிரிவு அபாயகரமான பொருள்களை இப்படி எடுத்துச் செல்வதைத் தடுக்கிறது. 164ஆம் பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். உண்டான சேதத்துக்கும் அவரே பொறுப்பு.

அபராதம் சிறிது என்று எண்ண வேண்டாம். 2023ஆம் ஆண்டு ஆகஸ்ட் 26 அதிகாலையில் மதுரையில் நிறுத்தி வைத்திருந்த சுற்றுலாப் பெட்டி ஒன்றில், விதியை மீறிக் கொண்டுவந்த சமையல் காஸ் சிலிண்டரால் தீப்பற்றி 9 பேர் மாண்டார்கள். ஒரு டப்பா தின்னர் ஒரு பெட்டி நிறையப் பேரின் உயிருக்கு உலை வைக்கக் கூடும். கழுவிக் காய்ந்த டேப்பட் கவரைத் தாராளமாக எடுத்துச் செல்லுங்கள். பெயிண்டையும் தின்னரையும் ஊரில் இறங்கி அங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

மிச்சத்தைக் கொட்டுவது எங்கே?

கழுவிய மண்ணெண்ணெயும், கறுத்த எண்ணெயும் ஓடையில் போகட்டும் என்று விடுவதுதான் எளிது. நம் ஓடைகள் எங்கே போகின்றன என்பதைச் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும். தம்பானூர் ரயில் நிலையத்தின் அடியாகப் போகும் ஆமையிழஞ்சான் தோட்டில் குப்பை அள்ள இறங்கிய தொழிலாளி ஒருவர் 2024ஆம் ஆண்டு ஜூலையில் நீரில் அகப்பட்டு உயிரிழந்தார். நாம் சாக்கடையில் தள்ளிவிடுவதை யாரோ ஒருவர் இறங்கி அள்ள வேண்டியிருக்கிறது. பழைய எண்ணெயை ஒரு கேனில் சேர்த்து ஒர்க்‌ஷாப்பில் கொடுத்தால் பழைய எண்ணெய் எடுப்பவரிடம் அது போய்ச் சேரும். மண்ணெண்ணெயைத் தெளியவைத்து மேலே நிற்பதை அடுத்த முறை கழுவ வைத்துக்கொள்ளலாம்.

கடைசியாக, சாலைக்குப் புறப்படுமுன் ஒரு துண்டுத் தாளில் எழுதிக்கொள்ள வேண்டியவை இவை: கார்க் பேக்கிங், ரப்பர் புஷ், உப்புத்தாள் மூன்று எண்களில், கம்பி பிரஷ், சோப்புத் தூள், பிரைமர், எஞ்சின் எனாமல், ஒட்டும் டேப், ரப்பர் கையுறை, கண்ணாடி. முதலில் பேக்கிங் கிடைக்கிறதா என்று பாருங்கள். அம்பாசடர் தயாரிப்பு நின்றுவிட்டபடியால் சில நாள் அது கிடைக்காமல் போகலாம். பேக்கிங் கைக்கு வந்த பிறகே நட்டில் ஸ்பானரை வையுங்கள். வண்டி ஓடாத நாளுக்கு டாக்சிக்காரருக்கு வருமானம் இல்லை.